மூன்று மீட்டருக்குள் ஒரு கார்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் கார் பக்கத்தில், நண்பர் ஒருவரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கி ஓட்டிய எம்.ஜி. காமெட் மின்காரைப் பற்றியும், 2011-இல் வாங்கி இன்றும் என் வாசலில் நிற்கும் டாடா நானோவைப் பற்றியும் சேர்த்து எழுதியிருந்தேன். ‘புதுச்சேரிக்குள் ஓட்டுவதற்கு இவற்றைவிட இன்பமான வண்டி கிடையாது’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியே கார் பிரியர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டதை வந்திருக்கும் கடிதங்கள் காட்டுகின்றன. ஒரு கடிதத்தில் மட்டும் ‘பொம்மை’ என்ற சொல் ஒன்பது முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன், இப்போது டீசல் எஸ்.யு.வி. வைத்திருக்கிறேன். தாங்கள் புகழும் காமெட்டுக்கு 42 குதிரைத்திறன்தான். அந்தப் பொம்மையில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது? கார் பிரியர் என்று சொல்லிக்கொள்பவர் இப்படி எழுதலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஒன்பது ‘பொம்மை’களும் உங்களுடையவைதாம். ஆனாலும் கேள்வி நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு வரும்போது உங்கள் வண்டியின் ஆற்றலில் எத்தனை பங்கு வேலை செய்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். இரண்டாம் கியரில் ஊர்ந்து, ராஜீவ் காந்தி சதுக்கத்துச் சிக்னலில் நின்று, மறுபடியும் இரண்டாம் கியரில் ஊர்வதற்கு அத்தனை பெரிய டீசல் என்ஜின் தேவைப்படுவதில்லை. நானோவில் இருப்பது 624 சி.சி. இரட்டை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். என் வண்டி புதிதாக வந்தபோது அதன் ஆற்றல் 35 குதிரைத்திறன். இதே சாலையில் அந்த முப்பத்தைந்தையும் மிச்சம் வைக்காமல் பிழிந்து ஓட்டலாம், அப்போதும் சட்டம் சொல்லும் வேகத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். என்ஜின் பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் முன் சக்கரங்களின் மேல் பாரம் குறைவு. ஆகவே பவர் ஸ்டியரிங் இல்லாத என் வண்டியில், நகரத் தொடங்கிய பிறகு, தார் பெயர்ந்த இடமும் மணல் படிந்த இடமும் உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். ஓட்டுவதில் எனக்குக் கிடைக்கும் இன்பம் பெரும்பாலும் அதுதான்.

சென்ற மாதம் ஒரு மாலை ரங்கப்பிள்ளை வீதியில் நடந்ததைச் சொல்கிறேன். இருபுறமும் இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நின்றன. பூக்காரம்மாவின் கூடை தார்ச்சாலை வரைக்கும் வந்திருந்தது. எதிரே சரக்கு ஆட்டோ ஒன்று. எனக்கு முன்னால் போன பெரிய வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, கண்ணாடிகளை மடக்கி, ‘வா, வா, நில்லு’ என்று கைகாட்டி அதை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். அது ஒருவழியாகக் கடந்து போன பின்பு, ஒன்றரை மீட்டர் அகலமே உள்ள காமெட்டில் நான் கண்ணாடியைக்கூட மடக்காமல் அதே இடைவெளியில் போனேன். பூக்காரம்மா கூடையை நகர்த்தவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. காமெட்டின் நீளம் 2.97 மீட்டர், நானோவின் நீளம் 3.1 மீட்டர், இரண்டும் 4 மீட்டர் அளவிலான ஆரத்தில் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையன்று பக்கத்துத் தெருக்களில் இடம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த எண்களின் அருமை புரியும்.

காமெட்டின் 42 குதிரைத்திறனைப் பற்றியும் ஒரு சொல். மின்மோட்டார் தன் முழு இழுவிசையை நின்ற நிலையிலிருந்தே கொடுத்துவிடும். பச்சை விளக்கு விழுந்ததும் முதல் சில மீட்டர்களில் பெரிய வண்டிக்காரர்கள் சற்றுத் திகைப்பார்கள். அதன் பிறகு திகைக்க வேண்டிய முறை நமக்கு வந்துவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்க்கட்சியாரின் குறைகளில் உண்மை இருக்கிறது என்பதையும் எழுதியாக வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்து ஓட்டும் என் நண்பர் காமெட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, “தொட்டிலா, வண்டியா?” என்று கேட்டார். அந்த வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.01 மீட்டர்தான், ஆகவே வேகத்தடையில் முன்பக்கம் இறங்கி முடிவதற்குள் பின்பக்கம் ஏறிவிடுகிறது, வண்டி தலையாட்டுகிறது. நானோவில் 2.23 மீட்டர் என்பதால் ஆட்டம் சற்றுக் குறைவு. ஆனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு சிலிண்டர்கள் போடும் சத்தம் மணிக்கு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பேச்சையே விழுங்கிவிடும். நீண்ட பயணத்தையும் அமைதியையும் விரும்புகிறவர் இவற்றை வெறுப்பதில் தவறே இல்லை. ‘புதுச்சேரிக்குள்’ என்று நான் எழுதிய சொல்லைத் தாண்டிப் படித்ததுதான் உங்கள் பிழை.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் மகள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறாள். சிறிய மின்கார் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நெடுஞ்சாலையில் பாதுகாப்பாக இருக்குமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அம்மா, அந்தச் சாலைக்கு இந்த வண்டி வேண்டாம். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகும் வழியில் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் ஓடும் வேகத்தைத் தாங்கள் அறிவீர்கள். பேருந்து ஒன்று ஒட்டிக் கடக்கும்போது கிளம்பும் காற்று, உயரமும் குறுகலுமான இலேசான வண்டியை ஒரு கணம் ஓரத்துக்குத் தள்ளும். பழகியவர் ஸ்டியரிங்கைச் சற்றே திருத்திக்கொள்வார். புதிதாக ஓட்டுகிறவர் பதறிப்போய் அதிகமாகத் திருப்பிவிடுவார்.

அதைவிடப் பெரிய விஷயம் எடை. 600 கிலோ வண்டியும் 1,500 கிலோ வண்டியும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொள்வதாக வைத்துக் கணக்குப் போட்டால், பெரிய வண்டியின் வேகம் ஏறத்தாழ 29 கி.மீ. குறைகிறது, சிறிய வண்டியோ நின்றதோடு நில்லாமல் பின்னுக்கும் தள்ளப்படுவதால் அதன் வேக மாற்றம் 71 கி.மீ. ஆகிறது. உள்ளே இருப்பவரின் உடல் தாங்க வேண்டியது அந்த 71-ஐ. மோதலை வாங்கி நசுங்குவதற்கு முன்பக்கத்தில் நீளமும் கிடையாது. 2014-இல், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் நடத்திய சோதனையில், காற்றுப்பை இல்லாத நானோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அது என் வண்டி என்பதற்காக இதை எழுதாமல் விட முடியாது. அதே 2014-இல் ஐரோப்பாவின் சோதனையில், நானோவைவிடவும் குட்டையான ஸ்மார்ட் ஃபோர்டூ நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆகவே சிறிய கூட்டையும் உறுதியாகக் கட்ட முடியும், அதற்கேற்ற விலை கொடுத்தால்.

மின்சாரச் செலவைப் பொறுத்தவரை தங்கள் எண்ணம் சரியானதே. காமெட்டின் மின்கலம் 17.3 யூனிட் கொள்ளும். ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து இருபது யூனிட் என்று வைத்து, யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் 140 ரூபாயில் ஒரு முழு மின்னேற்றம். நிறுவனம் சொல்லும் 230 கி.மீ. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டினால் கிடைக்காது. ஆனால் போக வர 50 கி.மீ.க்குக் கவலையே இல்லை. கவலை சாலையைப் பற்றியதுதான். மகளுக்குக் கார்தான் வேண்டுமென்றால், மோதல் சோதனையில் நல்ல நட்சத்திரம் பெற்ற, சற்றே பெரிய வண்டியாகப் பாருங்கள். பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால், இன்று போய் வரும் பேருந்தே நல்லது.

கேள்வி: பாரீசில் இருக்கும் என் மகள் வீட்டில் பதினைந்து வயதுப் பேரன் சிட்ரோயன் ஆமி என்ற சின்னஞ்சிறு வண்டியைத் தானே ஓட்டிப் பள்ளிக்குப் போகிறான். பிரெஞ்சுக்காரர் கட்டிய நம் ஊரில் ஏன் அது வரவில்லை?
– பிரெஞ்சு ஓய்வூதியர், முத்தியால்பேட்டை

பதில்: ஊரை ஆண்டவர் பிரெஞ்சுக்காரர், சட்டம் நம்முடையது. ஆமி 2.41 மீட்டர் நீளம், இரண்டே இருக்கை, உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ. பிரான்சில் அதைக் கார் என்று பதிவதில்லை. இலேசான நான்கு சக்கர வாகனம் என்ற தனி வகுப்பு இருப்பதால், 14 வயது நிரம்பியவர் அதற்குரிய எளிய உரிமம் பெற்று ஓட்டலாம். செலவைக் குறைப்பதற்காக இடக் கதவையும் வலக் கதவையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். அதனால் ஒரு கதவு முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் திறக்கும். பேரனிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே விளக்குவான். இங்கே அந்தப் பிள்ளை ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் அப்படியொரு வகுப்பு இல்லாமல் இல்லை. குவாட்ரிசைக்கிள் என்று பெயர். பஜாஜ் க்யூட் அந்த வகையில் வந்தது. 216 சி.சி. என்ஜின், 2.75 மீட்டர் நீளம், 70 கி.மீ. உச்ச வேகம். தனியார் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள 2018-இல்தான் அரசு அனுமதித்தது. பார்த்தவர்கள் ஆட்டோவுக்கு நான்காவது சக்கரம் முளைத்திருக்கிறது என்றார்கள். அந்தப் பேச்சே அதன் விற்பனையை முடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

சிறிய வண்டிகள் எங்குமே ஆசையால் பிறந்தவை அல்ல. இத்தாலியில் 1953-இல் தோன்றிய இசெட்டாவை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் உரிமம் வாங்கி 1955 முதல் தயாரித்தது. குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதுபோல் முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து ஐரோப்பாவில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இத்தகைய வண்டிகளுக்கு வரிசையில் நின்றார்கள். பெட்ரோல் கிடைத்ததும் பெரிய வண்டிக்குப் போனார்கள். ஜப்பானில் மட்டும் வரியிலும் வாகன நிறுத்தத்திலும் சலுகை கொடுத்து, 660 சி.சி., 3.4 மீட்டர் என்று எல்லை வகுத்து, ‘கெய்’ என்ற வகுப்பை இன்று வரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1983-இல் நமக்கு வந்த மாருதி 800-உம் அந்தக் கெய் குடும்பத்தின் வழிவந்ததே. அதை யாரும் பொம்மை என்று சொன்னதாக நினைவில்லை. நம் பெங்களூரில் 2001-இல் பிறந்த ரேவா மின்காரை இங்கே சீந்துவாரில்லை. லண்டனில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில், நகர மையத்துக்குள் நுழைய நெரிசல் கட்டணம் இல்லை என்பதற்காக, ஆர்வத்தோடு வாங்கினார்கள்.

கேள்வி: நானோ ஏன் தோற்றது?
– வாசகர், நெய்வேலி

பதில்: ஸ்கூட்டரில் நான்கு பேராக மழையில் நனைந்து போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த எண்ணம் பிறந்தது. 2008 ஜனவரியில் டெல்லியில் வண்டியைக் காட்டினார். மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் நிலப் போராட்டம் எழுந்ததால் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்கு மாறியது. அதற்குள் முதல் ஆர்வம் ஆறிவிட்டது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் உண்மையான அடி ‘உலகின் மலிவான கார்’ என்ற பட்டம். கார் வாங்குவது நம் ஊரில் நாலு பேர் பார்க்கச் செய்யும் காரியம். மலிவு என்று எழுதி ஒட்டிய பொருளை வாசலில் நிறுத்த யாருக்கு மனம் வரும்? அந்தப் பட்டம் தவறு என்று பின்னாளில் டாடாவே சொன்னார். 2018-இல் தயாரிப்பு நின்றது.

கேள்வி: மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் காமெட்டை அலங்கரித்தால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்களா?
– வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: சிரிப்பார்கள். மாலை போட்டால் வண்டியே தெரியாது. மணக்குள விநாயகர் கோயிலில் பூஜை போட்டபோது நான்கு எலுமிச்சைகளையும் ஏறி நசுக்கியதல்லவா? அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பெரிய வண்டி எடுங்கள்.

கேள்வி: நான்கு பேரும் இரண்டு பலாப்பழமும் ஏறுமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: காமெட்டில் நான்கு பேர், அல்லது இரண்டு பேரும் பலாப்பழங்களும். பின் இருக்கையை மடக்கினால்தான் சாமானுக்கு இடம். நானோவில் பின்னால் சிறிது இடம் உண்டு, ஆனால் 2015-க்கு முந்தைய வண்டிகளில் பின்கதவு திறக்காது. பழத்தை உள்ளிருந்து இருக்கைக்கு மேலாகத் தூக்கி வைக்க வேண்டும். பண்ருட்டிப் பழத்தை அப்படித் தூக்க வல்லவர்களாக இருந்தால் தடையில்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பது ஊரறிந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மின்கார் வாங்கலாமா?
– வாசகர், ரெயின்போ நகர்

பதில்: மின்சாரத்தைவிடச் சக்கரத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். காமெட்டின் டயர் அளவு 145/70 ஆர்12, அதாவது 12 அங்குல ரிம். கணக்கிட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 51 செ.மீ. வருகிறது. அதில் பாதி 25 செ.மீ.; அந்த அளவுக்குத் தண்ணீர் வந்தாலே கதவின் அடிவிளிம்பைத் தொட்டுவிடும். 16 அங்குல ரிம் போட்ட வண்டியின் சக்கரம் 67 செ.மீ. வரை இருக்கும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பள்ளத்திலும் சிறிய சக்கரமே ஆழமாக இறங்கும், ரிம் வளையும். என் வண்டியில் இரண்டு ரிம் வளைந்திருக்கின்றன, இரண்டும் மழைக்காலத்தில்தான்.

மின்கலத்தை நீர் புகாதபடி அடைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆனாலும் மூழ்கிய மின்காரை நீங்களாக இயக்கிப் பார்க்கக் கூடாது, மின்னேற்றம் செய்யவும் கூடாது; இழுத்துச் சென்று பணிமனையில் காட்டுவதே முறை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டுப் பகுதியில் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். சிறிய வண்டி என்பதால் அவர்கள் வாசலில் இடமில்லை என்று சொல்ல முடியாது. மின்னேற்றும் பிளக்கை இடுப்புயரத்துக்கு மேல் பொருத்தச் சொல்லுங்கள். 15 ஆம்பியர் இணைப்பும் சரியான எர்த்தும் அவசியம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளச் சேதம் அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 2012-ஆம் ஆண்டு நானோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க விலை பேசி வைத்திருக்கிறேன். புதுச்சேரிப் பதிவு எண். எதையெதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள்; 2012 வண்டிக்கு 2027-இல் முடிகிறது. அதன் பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் இப்போது கூடுதல். இரண்டாவது, வண்டி நெல்லிக்குப்பத்தில் ஓராண்டுக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் புதுச்சேரியில் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, பதிவெண்ணை மாற்றியாக வேண்டும். புதுச்சேரி எண்ணை மாற்றாமலே கடலூர் மாவட்டத்தில் ஓடும் வண்டிகள் ஏராளம் என்பது எனக்கும் தெரியும், சோதனை நடத்துகிறவர்களுக்கும் தெரியும்.

பிறகு வண்டி. கடற்காற்று பட்ட வண்டி என்பதால், பஞ்சர் கடையில் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, அடித்தகட்டையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கையால் தடவிப் பாருங்கள். துரு செதிலாக உதிர்ந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பின்னாலுள்ள மூடியைக் கழற்றி, குளிர்ந்த என்ஜினைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குள் ஒருமுறை சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று கொள்ளலாம். இரட்டை சிலிண்டர் என்பதால் நின்ற நிலையில் சற்று நடுங்கும், அது இயல்பு. ஆனால் கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று இடித்தால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மூன்று முறை அழுத்தமாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. நான்கும் ஒரே அளவில் இருந்தால், யாரோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

சக்கரத்துக்கு மூன்று நட்டுகள்தாம். பஞ்சர் கடைக்காரர் நான்காவதைத் தேடிக் கீழே குனிவார். தேட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான். பையன் குழாயோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உங்களைப் பார்ப்பான். இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கிக் காட்டுங்கள். டேங்கின் வாய் அங்கேதான் இருக்கிறது.